விண்ணில் சுழன்ற இராட்டினங்கள்

திருவிழா நடக்கும் ஊரில் தேர் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பெரியவர்கள் கேட்பார்கள். இராட்டினம் எங்கே நிற்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். நட்டுவைத்த இரண்டு மரக்கால்கள், நடுவே ஓர் அச்சு, நான்கு தொட்டில்கள், கையால் தள்ளிச் சுற்றிவிட இரண்டு ஆட்கள். அவ்வளவே அதன் அமைப்பு. மேலே ஏறிய தொட்டிலிலிருந்து ஓட்டுக் கூரைகளையும் தென்னந்தலைகளையும் ஒரு கணம் பார்த்துவிட்டுக் கீழே இறங்குவதற்குள் கொடுத்த காசு தீர்ந்துவிடும். ஆயினும் அந்த ஒரு கணத்திற்காகவே மறுநாளும் பிள்ளை அங்குப் போய் நிற்கும்.

இவ்விளையாட்டு ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1615ஆம் ஆண்டில் கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் நோன்புக் காலத்து விழாவின்போது இத்தகைய சக்கரம் ஒன்றில் தாம் ஏறிச் சுற்றியதை இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வால்லே எழுதிவைத்துள்ளார். ஐந்தாண்டுகள் கழித்து, அன்று துருக்கியரின் ஆட்சியில் இருந்த இன்றைய பல்கேரிய நகரமான பிலோவ்திவில், ஆங்கிலேயப் பயணி பீட்டர் மண்டியும் அதனைக் கண்டார். சக்கரம் தலைகீழாகச் சுழன்றாலும் அதிலுள்ள பிள்ளைகள் எப்போதும் நிமிர்ந்தே அமர்ந்திருக்கிறார்கள் என்பதே அவருக்குப் பெருவியப்பாக இருந்தது. அந்த வியப்பில் பிழையில்லை. இராட்டினத்தின் நுட்பம் முழுவதும் அந்த ஓர் உண்மையில்தான் அடங்கியிருக்கிறது. தொட்டிலைச் சக்கரத்தோடு இறுக்கிப் பிணைத்துவிடாமல் தன் எடையால் தானே தொங்குமாறு விட்டால் போதும்; மற்றதைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும்.

மரத்தாலான இவ்வெளிய கருவி எஃகுருக் கொண்டு வானை நோக்கி எழுந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். எழுப்பியவர் ஒரு பாலப் பொறியியலார். அவருடைய பெயரை இன்று ஆங்கிலம் பேசும் சிறுபிள்ளைகளும் அறிவர். அவர் வாழ்வு எவ்வாறு முடிந்தது என்பதை அறிந்தோர் சிலரே.

1889இல் பாரிஸ் மாநகரில் நடந்த உலகப் பொருட்காட்சிக்காக 300 மீட்டர் உயரத்தில் எழுந்து நின்றது ஈஃபெல் கோபுரம். நான்காண்டுகளுக்குப் பின், கொலம்பஸ் அமெரிக்கா அடைந்த நானூறாம் ஆண்டு நினைவாகச் சிக்காகோவில் அடுத்த பெரும் பொருட்காட்சி நடத்த ஏற்பாடாயிற்று. பாரிஸை வெல்ல வேண்டும். ஆனால் எதைக்கொண்டு வெல்வது? ஈஃபெலே வந்து இன்னும் உயரமான கோபுரம் ஒன்றைக் கட்டித்தர முன்வந்தார். அமெரிக்கப் பொறியியலாருக்கு அது மானக்கேடாகப் பட்டது. பொருட்காட்சியின் கட்டுமானத் தலைவர் டேனியல் பர்ன்ஹாம் ஒரு கூட்டத்தில் அவர்களையே கடிந்துகொண்டார். கட்டடக் கலைஞர்கள் தம் பங்கைச் செய்துவிட்டனர். பொறியியலார் புதுமையாக எதையும் படைக்கவில்லை என்பது அவருடைய குறை.

அக்கூட்டத்தில் இருந்தவருள் ஒருவர் ஜார்ஜ் வாஷிங்டன் கேல் ஃபெரிஸ். 1859இல் இலினாய் மாநிலத்தில் பிறந்து, நெவாடாவில் வளர்ந்து, டிராய் நகரின் ரென்சிலேர் தொழில்நுட்பக் கழகத்தில் 1881இல் பட்டம் பெற்றவர். பிட்ஸ்பர்க் நகரில் அவர் நடத்திய நிறுவனம் பாலங்களுக்கான எஃகைச் சோதித்துச் சான்றளித்து வந்தது. எஃகு எவ்வளவு தாங்கும், எங்கே முறியும் என்பதை அறிவதே அவருடைய அன்றாடத் தொழில். உணவு விடுதி ஒன்றில் நண்பர்களோடு அமர்ந்திருக்கையில் சக்கரத்தின் எண்ணம் தோன்றியதாகவும், ஒரு தாளில் அங்கேயே அதனை வரைந்து காட்டியதாகவும் சொல்லப்படுகிறது. சிறுவயதில் ஆற்றங்கரையில் பார்த்த நீர்ச்சக்கரமே அவருக்குத் தூண்டுகோல் என்று கூறுவாரும் உளர். கதைகள் எப்படியாயினும், அதற்கு முந்திய கோடையில்தான் வில்லியம் சோமர்ஸ் என்பவர் அட்லாண்டிக் கடற்கரையில் 50 அடி உயர மரச்சக்கரங்களை நிறுவியிருந்தார் என்பதையும் மறைத்தல் நேர்மையன்று. பின்னாளில் சோமர்ஸ் தம் உரிமை பறிபோயிற்றென்று வழக்குத் தொடுத்தார், வழக்குத் தள்ளுபடியாயிற்று.

ஃபெரிஸ் எண்ணியது 50 அடியன்று, 264 அடி. பொருட்காட்சிக் குழுவினர் வரைபடத்தைப் பார்த்து அஞ்சினர். அச்சத்திற்குக் காரணம் இருந்தது. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் தடித்தவை. பாரத்தைக் கீழிருந்து தாங்கி நிற்பவை. ஃபெரிஸின் சக்கரத்திலோ ஆரக்கால்களுக்குப் பதிலாக மெல்லிய எஃகுக் கம்பிகளே இருந்தன. மிதிவண்டிச் சக்கரத்தில் உள்ளவாறு, பாரம் அச்சிலிருந்து இழுவிசையால் தொங்கியது. அக்காலத்தார் கண்ணுக்கு அது சிலந்தி வலையாகத் தோன்றியிருத்தல் இயல்பே. அனுமதி கொடுப்பதும் மீட்டுக்கொள்வதுமாக மாதங்கள் கழிந்தன. இறுதி ஒப்புதல் கிடைத்தது 1892 டிசம்பர் 16ஆம் நாள். பொருட்காட்சி தொடங்கும் நாளோ 1893 மே 1. இடையில் இருந்தவை நான்கரை மாதங்கள். அவையும் சிக்காகோவின் கடுங்குளிர் மாதங்கள்.

நிலம் உறைந்து கல்லாகிக் கிடந்தது. உறைந்த மண்ணைப் பிளந்து தோண்டினால் அடியில் புதைமணல். அதையும் கடந்து 35 அடி ஆழத்தில்தான் உறுதியான தரை கிடைத்தது. பைஞ்சுதை உறைந்து கெடாதிருக்க நீராவியைக் குழாய் வழியே செலுத்திச் சூடேற்றினார்கள். சக்கரத்தின் உறுப்புகள் அனைத்தையும் ஒரே ஆலையால் செய்துகொடுக்க இயலவில்லை. பல ஆலைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டது. ஒன்றில் வார்த்த உறுப்பு மற்றொன்றில் வார்த்ததோடு மயிரிழை பிசகாமல் பொருந்தியாக வேண்டும். எஃகைச் சோதித்துப் பழகிய ஒருவரன்றி வேறு யார் அத்துணிவு கொள்ள முடியும்? 45 அடிக்கு மேல் நீளமும் 89,320 இராத்தல் எடையும், அதாவது ஏறத்தாழ 40 டன் எடையும் கொண்ட அச்சு பென்சில்வேனியாவின் பெத்லகேம் ஆலையில் உருவாயிற்று. அதுவரை உலகில் அடித்து உருவாக்கப்பட்ட எஃகுத் துண்டுகளில் அதுவே பெரியது. அதனை 140 அடி உயரக் கோபுரங்களின் தலையில் தூக்கி அமர்த்தினார்கள்.

மே மாதம் வந்தது, பொருட்காட்சி தொடங்கிற்று, சக்கரம் முடியவில்லை. ஜூன் 9இல் பெட்டிகள் இல்லாமல் முதன்முறையாகச் சுழற்றிப் பார்த்தனர். இரண்டு நாள் கழித்து நடந்த முதல் பயணத்தில் ஃபெரிஸின் மனைவி மார்கரெட் ஏறினார். எஃகைப் பற்றிய கணக்கு பிறருக்குப் புரியாதிருக்கலாம். பொறியியலார் தம் துணைவியை ஏற்றியனுப்பியது எல்லார்க்கும் புரிந்தது. ஜூன் 21இல் சக்கரம் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

36 பெட்டிகள். ஒவ்வொன்றிலும் 40 சுழல் நாற்காலிகள்; நிற்பவரையும் சேர்த்து 60 பேர். ஒரே நேரத்தில் 2,160 பேர் வானில் மிதக்கலாம். ஆயிரம் குதிரை ஆற்றல் கொண்ட நீராவி எந்திரம் ஒன்று சக்கரத்தைச் சுழற்றியது. அதே ஆற்றலுள்ள மற்றொன்று காப்பாக நின்றது. இரண்டு சுற்றுகளுக்கு இருபது நிமிடம். முதற்சுற்று ஆட்களை ஏற்றவும் இறக்கவும் நின்று நின்று நகரும். இரண்டாம் சுற்று நிற்காமல் செல்லும். கட்டணம் 50 காசு. பொருட்காட்சிக்குள் நுழைவதற்கும் அதே 50 காசுதான். ஆகவே முழுப் பொருட்காட்சிக்குக் கொடுத்த பணத்தை இந்த ஒரு சக்கரத்திற்காக மீண்டுமொரு முறை கொடுக்க மக்கள் தயங்கவில்லை. வானூர்தி இல்லாத காலம் அது. மாடி வீடில்லாத உழவனும் ஆலைத் தொழிலாளியும் ஒரு மாநகரத்தையும் அதனருகே கடல்போல் விரிந்த ஏரியையும் மேலிருந்து பார்த்தது அதுவே முதன்முறை. அதுவரை அக்காட்சி பறவைகளுக்கும் பலூனில் பறந்த சிலருக்கும் மட்டுமே உரியதாயிருந்தது. ஜூலையில் வீசிய பெரும்புயலிலும் சக்கரம் அசையாமல் நின்றபின் எஞ்சியிருந்த ஐயமும் தீர்ந்தது. அவ்வாண்டு விற்ற சீட்டுகள் 14,53,611. வருவாய் ஏழேகால் இலட்சம் அமெரிக்க வெள்ளிக்கு மேல்.

இவ்வளவு வருவாய் வந்தும் ஃபெரிஸ் செல்வராகவில்லை. வருவாயில் பொருட்காட்சி நிறுவனத்திற்கு எவ்வளவு, சக்கர நிறுவனத்திற்கு எவ்வளவு என்ற பூசல் வழக்குமன்றம் சென்றது. அதே 1893இல் அமெரிக்காவைப் பொருளாதார நெருக்கடி தாக்கிற்று, வங்கிகள் வீழ்ந்தன, எஃகுத் தொழில் சுருங்கியது. பொருட்காட்சி முடிந்தபின் குளிர்காலம் முழுவதும் சக்கரம் ஆளின்றி நின்றது. பிறகு அதனைப் பிரித்து நகரின் வடபகுதியில் குடியிருப்புகளுக்கு நடுவே நிறுத்தினார்கள். அக்கம்பக்கத்தார் எதிர்த்தனர், கூட்டமும் வரவில்லை. 1896 நவம்பர் 22இல் ஃபெரிஸ் பிட்ஸ்பர்க் மருத்துவமனையில் நச்சுக் காய்ச்சலால் இறந்தார். வயது 37. ஈமச்செலவு தீர்க்கப்படாததால் அவருடைய உடற்சாம்பல் ஓராண்டுக்கு மேலாகச் சுடலையிலேயே கிடந்தது. பதினான்கரை இலட்சம் மக்களை வானுக்கு ஏற்றியவரின் ஒரு பிடி சாம்பலை ஏற்றுச்செல்ல ஆளில்லை.

சக்கரம் அவரைவிடப் பத்தாண்டு கூடுதலாக வாழ்ந்தது. 1903இல் அது ஏலத்தில் பழம்பொருள் நிறுவனத்தார் கைக்குப் போயிற்று. அவர்கள் அதனை 1904ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் பொருட்காட்சியில் நிறுத்திப் பணம் பார்த்தனர். 1906 மே 11ஆம் நாள் வெடிவைத்துத் தகர்த்தனர். ஆங்கிலத்தில் மட்டும் அவர் பெயர் இராட்டினத்தின் பொதுப்பெயராக நிலைத்துவிட்டது. தமிழர்க்கு அச்சொல் தேவைப்படவில்லை. திருவிழாவிலிருந்து வந்த பழஞ்சொல்லே போதுமானதாயிற்று.

சிக்காகோவின் புகழ் அட்லாண்டிக்கைக் கடந்தது. ஆங்கிலக் கடற்படையில் பணியாற்றிய வால்டர் பாசெட் என்னும் பொறியியலார் அடுத்தடுத்துப் பெருஞ்சக்கரங்களைக் கட்டினார். 1895இல் இலண்டனில் எழுந்தது 94 மீட்டர், சிக்காகோவைவிட உயரம். மறு ஆண்டில் பிளாக்பூல் கடற்கரையில் ஒன்று. 1900ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்காகப் பாரிஸிலும் ஏறத்தாழ 100 மீட்டர் அளவில் ஒன்று எழுந்தது. இலண்டன் சக்கரம் 1896 மே மாதத்தில் ஒருநாள் இரவில் பழுதாகி நின்றுவிட, ஏறியவர்கள் விடியும்வரை வானிலேயே தங்க நேர்ந்தது. இழப்பீடாக ஆளுக்கு ஐந்து பவுன் கொடுத்தார்கள். அன்றைய தொழிலாளிக்கு அது பல வாரக் கூலி. செய்தி பரவியதும் மறுநாள் பெருங்கூட்டம் வந்து வரிசையில் நின்றது. சக்கரம் மறுபடியும் நின்றுவிடும் என்ற நம்பிக்கையில்! அச்சத்தையும் பணத்தையும் ஒரே தட்டில் வைத்தால் மாந்தர் எதைப் பார்ப்பர் என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

ஆனால் இலண்டன் சக்கரம் 1906இல் நின்றது, பின் பிரிக்கப்பட்டது. பிளாக்பூல் சக்கரம் 1928இல் மறைந்தது. பாரிஸ் சக்கரத்தின் பெட்டிகள் முதல் உலகப் போரில் வீடிழந்த குடும்பங்களுக்குக் குடில்களாயின. கேளிக்கைப் பொருளொன்றுக்கு அதனினும் மேலான முடிவு வாய்த்ததாகத் தெரியவில்லை. பாசெட்டும் செல்வராகச் சாகவில்லை. 1907இல் ஏறக்குறைய எல்லாவற்றையும் இழந்த நிலையில் இறந்தார்.

அவர் கட்டியவற்றுள் சிறியது ஒன்று மட்டும் எஞ்சியது. வியன்னா நகரின் பிராட்டர் பூங்காவில் 1897இல் சுழலத் தொடங்கிய அது 65 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, முப்பது பெட்டிகள். பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பின் ஐம்பதாண்டு ஆட்சி நிறைவை ஒட்டி எழுந்தது. கேபர் ஸ்டைனர் என்னும் நாடகக்கொட்டகை முதல்வர், வெனிஸ் நகரைப்போலக் கால்வாய்களும் படகுகளும் வைத்து நடத்திய கேளிக்கைப் பூங்காவில் அதற்கு இடங்கொடுத்தார்.

அரசர் விழாவுக்கு எழுந்த அச்சக்கரம் தொடக்கத்திலேயே வேறொன்றுக்கும் பயன்பட்டது. 1898இல் ஓர் ஏழைப்பெண், தன் குடும்பத்தின் வறுமையை ஊரறியச் செய்வதற்காக, பெட்டியொன்றிலிருந்து தொங்கிய கயிற்றைப் பல்லால் கடித்தபடி வானில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். 1914இல் வட்டரங்கத் தலைவி ஒருவர் பெட்டியின் கூரைமீது குதிரையில் அமர்ந்து சுற்றினார். இரண்டும் துணிச்சல்தான். முன்னது பசியின் துணிச்சல். பின்னது கைத்தட்டலை நாடிய துணிச்சல்.

முதல் உலகப் போர் வந்தது. 1916இல் சக்கரத்தை இடித்துவிட ஒப்புதல் அளிக்கப்பட்டது. இடிப்பதற்குப் பணம் வேண்டுமே! போரில் நலிந்த வியன்னாவிடம் அது இல்லை. அழகென்றோ பெருமையென்றோ கருதி எவரும் அதனைக் காக்கவில்லை. இடிக்க வழியின்மையே அதனைக் காத்தது. 1919இல் பிராகா நகர வணிகர் எடுவர்ட் ஸ்டைனர் அதனைப் பிரித்து விற்கும் நோக்கத்தோடு வாங்கினார். பூங்காவை நடத்திய ஸ்டைனர் வேறு, இவர் வேறு. வாங்கியபின் எண்ணத்தை மாற்றிக்கொண்டு, பிரிக்காமல் வாடகைக்கு விட்டார். அவ்வாறு ஒரு வணிகரின் மனமாற்றத்தால் மேலும் இருபதாண்டு கழிந்தது.

1938இல் இட்லரின் செர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியது. யூதர்களின் உடைமைகள் பறிக்கப்பட்டன. எடுவர்ட் ஸ்டைனர் யூதர், சக்கரமும் பறிக்கப்பட்டது. கேபர் ஸ்டைனரும் யூதரே. முதிர்ந்த வயதில் வியன்னாவை விட்டோடி அமெரிக்கா சேர்ந்தார். 1944இல் எடுவர்ட் ஸ்டைனர் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். அதே ஆண்டில் கேபர் ஸ்டைனர் அயல்நாட்டில் இறந்தார். அதே ஆண்டில் சக்கரமும் தீக்கிரையாகிப் பெட்டிகள் எரிந்து, வெறும் எஃகு வளையமாக நின்றது.

போர் முடிந்தபோது வியன்னாவில் கூரையில்லாத வீடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ரொட்டிக்கு வரிசை நின்றது. அந்நிலையில் இராட்டினத்தைச் செப்பனிடுவது வீண்செலவு என்று எவரேனும் சொல்லியிருந்தால் அதனை மறுப்பது கடினம். எனினும் நகரம் அதனைச் செப்பனிட்டது. 1947இல் சக்கரம் மீண்டும் சுழன்றது. தீயில் வெந்த எஃகின் வலிமைமீது ஐயம் இருந்தமையால் முப்பது பெட்டிகளுக்குப் பதில் பதினைந்தே மாட்டப்பட்டன. இன்றும் பதினைந்துதான். ஒரு பெட்டிக்கும் மறுபெட்டிக்கும் இடையே உள்ள வெற்றிடத்தைப் பயணிகள் பொதுவாகக் கவனிப்பதில்லை. அங்கே ஒரு பெட்டி இருந்தது. 1949இல் வெளிவந்த ‘மூன்றாம் மனிதன்’ என்னும் திரைப்படம் இச்சக்கரத்தை உலகெங்கும் அறியச்செய்தது. கள்ள மருந்து விற்றுப் பலரைச் சாகடித்த ஒருவன், பெட்டியின் உயரத்திலிருந்து கீழே நடமாடுவோரை வெறும் புள்ளிகளாகக் காட்டித் தன் செயலுக்கு நியாயம் பேசும் காட்சி அதில் வருகிறது. படம் எடுக்கப்பட்ட நகரம் தன் மக்களைப் புள்ளிகளாக எண்ணியவர்களின் ஆட்சியிலிருந்து மீண்டு மூன்றாண்டுகளே ஆகியிருந்தன.

பெரியவை எல்லாம் மறைந்துவிட்டமையால், சிறியதாகிய வியன்னா சக்கரமே 1920 முதல் 1985 வரை உலகில் நின்றவற்றுள் உயரமானது என்ற பெயரைத் தாங்கியது. 1985இல் சப்பானின் சுகுபா பொருட்காட்சியில் 85 மீட்டர் சக்கரம் எழுந்தபின்தான் போட்டி மீண்டும் தொடங்கிற்று. யோகொகாமா, ஒசாகா என்று அது வளர்ந்தது. இலண்டனில் டேவிட் மார்க்ஸ், ஜூலியா பார்ஃபீல்டு என்னும் கட்டடக் கலைஞர் இணையர், புத்தாயிரம் ஆண்டு நினைவுச்சின்னத்திற்கான போட்டி ஒன்றுக்குச் சக்கரத் திட்டத்தை அனுப்பினர். அப்போட்டியில் எவருமே வெற்றி பெற்றதாக அறிவிக்கப்படவில்லை. கணவனும் மனைவியும் விடவில்லை. தாமே முயன்று தேம்ஸ் ஆற்றங்கரையில் அதனை எழுப்பினர். ஆற்றின்மீது படுக்கவைத்துப் பூட்டி, பிறகு நிமிர்த்தப்பட்ட 135 மீட்டர் சக்கரம் 2000 மார்ச்சில் மக்களை ஏற்றத் தொடங்கியது. ஐந்தாண்டுக்கு மட்டும் என்று அனுமதிக்கப்பட்டது, இன்றும் நிற்கிறது.

சிங்கப்பூரின் மரினா கரையில் 2008இல் திறக்கப்பட்ட பெருஞ்சக்கரம் 165 மீட்டர். 28 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 28 பேர். தெளிந்த நாளில் அதன் உச்சியிலிருந்து ஒருபுறம் ஜொகூரும் மறுபுறம் இந்தோனேசியத் தீவுகளும் தெரியும். 2014இல் லாஸ் வேகாஸ் சக்கரம் மிஞ்சும்வரை உலகில் அதுவே உயரமானது. திறந்த சில மாதங்களில், மனையடிக்கலை வல்ல சீனப் பெரியோரின் அறிவுரைப்படி அதன் சுழற்சி எதிர்த்திசைக்கு மாற்றப்பட்டது. முன்னைய திசையில் சுழன்றால் நகரின் செல்வம் வெளியே போய்விடும் என்பது அவர்கள் கருத்து. கோடிக்கணக்கான வெள்ளி செலவிட்டு எழுப்பிய எந்திரம் ஒரு நம்பிக்கைக்குப் பணிந்து திரும்பிச் சுழன்றது. அவ்வாண்டு டிசம்பர் 23இல் எந்திர அறையில் தீப்பற்றி, 173 பேர் ஏறத்தாழ ஆறு மணிநேரம் வானில் காத்திருந்தார்கள். சிலர் கயிற்றில் கட்டி இறக்கப்பட்டார்கள். இலண்டனில் 1896இல் நடந்ததை அறிந்தவர்க்கு அச்செய்தி பழைய செய்தியாகவே தோன்றியிருக்கும்.

அதனினும் பழைய செய்தி 2013இல் வந்தது. திசை மாறிச் சுழன்றும் செல்வம் உள்ளே வரவில்லை. சக்கரத்தைக் கட்டிய நிறுவனத்தாரால் கடனைத் தீர்க்க முடியவில்லை. கடன் கொடுத்தோர் சார்பில் பொறுப்பாளர்கள் அமர்த்தப்பட்டனர். அடுத்த ஆண்டில் சக்கரம் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. துபாயில் 2021இல் திறந்த 250 மீட்டர் சக்கரமோ ஐந்தே மாதங்களில் மூடப்பட்டு, 2024 டிசம்பரில்தான் மீண்டும் சுழன்றது. சிக்காகோவில் நிகழ்ந்ததற்கும் சிங்கப்பூரில் நிகழ்ந்ததற்கும் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே கணக்குப் புத்தகம் மட்டும் கைமாறியது. எவரும் சக்கரத்தைப் பிரிக்கவில்லை. பொறுப்பாளர்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த மாதங்களிலும் அது சுழன்றுகொண்டேயிருந்தது. கீழே சீட்டு வாங்கியவர்கள் மேலே ஏறி, ஜொகூர் எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.